குட்டை ஏரியல்: மேட்ச் ஆனால் மட்டும் போதுமா?



எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் படிக்கிற யாரிடமாவது, "நல்ல ஆன்டெனா என்பதற்கு அடையாளம் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர், "எஸ்.டபிள்யூ.ஆர். 1-க்கு 1 காட்டணும் சார்" என்பார்கள். சரி, 50 ஓம் கார்பன் ரெசிஸ்டரை எடுத்து டிரான்ஸ்மிட்டர் வாயில் வையுங்கள். மீட்டர் 1-க்கு 1 காட்டும். முள் அசையவே அசையாது. ஆனால் பக்கத்துத் தெரு வரைக்குமாவது சிக்னல் போகுமா? போகாது. ரெசிஸ்டர் சூடாகும், அவ்வளவுதான்.

மேட்சிங் என்பது ஒரு வேலை, கதிர்வீச்சு என்பது வேறொரு வேலை. டிரான்ஸ்மிட்டரிலிருந்து சக்தியை முழுசாக வாங்கிக்கொள்வது முதல் வேலை. வாங்கியதை வானத்துக்குக் கொடுப்பது இரண்டாவது வேலை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிற குழப்பம், குட்டை ஏரியல்களில்தான் அதிகம். ப்ராஜெக்ட் செய்கிறவர்களுக்கும், ஹாம் ரேடியோவில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் பயன்படட்டும் என்று அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பயப்பட வேண்டாம், கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

குட்டை என்றால் எவ்வளவு குட்டை?

ஏரியலில் குட்டை, நெட்டை என்பது அடிக்கணக்கு அல்ல, அலைநீளக் கணக்கு. 300-ஐ மெகாஹெர்ட்சால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம்.முக்கு அலைநீளம் 3 மீட்டர். அங்கே 75 சென்டிமீட்டர் கம்பி கால் அலைநீளம், அதாவது முழு வளர்ச்சி பெற்ற ஏரியல். அதே கம்பி 720 கிலோஹெர்ட்ஸ் மீடியம் வேவில், 417 மீட்டர் அலைநீளத்துக்கு முன்னால் வெறும் குண்டூசி.

பொதுவாக, எர்த்தின் மேல் நிற்கும் கம்பியின் உயரம் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் அதை மின்னியல் ரீதியாகக் குட்டை என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். அமெச்சூர்களின் 80 மீட்டர் பேண்டு, 3.75 மெகாஹெர்ட்ஸ். கல்லூரி மைதானத்தில் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள 2.4 மீட்டர் கம்பியை நட்டு வைக்கிறோம். கீழே எர்த் கம்பிகள். டிரான்ஸ்மிட்டர் 100 வாட்ஸ். ஜீப்பின் மேல் கட்டும் விப் ஆன்டெனாவும் ஏறக்குறைய இந்த உயரம்தான். 2.4-ஐ 80-ஆல் வகுத்தால் 0.03. அலைநீளத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு!

குட்டைக் கம்பி கதிர்வீசுமா?

"இவ்வளவு குட்டைக் கம்பி எப்படி சார் கதிர்வீசும்?" என்று கேட்பீர்கள். தாராளமாக வீசும். கம்பியில் ஓடும் மின்னூட்டம் முடுக்கம் பெறும்போதெல்லாம் மின்காந்த அலை கிளம்பத்தான் செய்யும். கம்பி கால் அலைநீளம் இருந்தால்தான் கிளம்புவேன் என்று அது அடம் பிடிப்பதில்லை.

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. இழப்பே இல்லாத மிகக் குட்டை டைபோலின் டைரக்டிவிட்டி 1.5. அரை அலைநீள டைபோலுக்கு 1.64. டெசிபலில் பார்த்தால் வித்தியாசம் 0.4 கூட வராது. எந்தக் காதும் கண்டுபிடிக்க முடியாத வித்தியாசம் அது. ஆக, குட்டை ஏரியலின் மேல் கதிர்வீச்சு ரீதியாகக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு எங்கே கோளாறு? ஏரியலைச் சுற்றி இரண்டு விதமான புலம் உண்டு. ஒன்று, அலையாகக் கிளம்பித் திரும்பி வராமல் போவது. மற்றொன்று, ஏரியலின் பக்கத்திலேயே தேங்கி நின்று, ஒவ்வொரு சுழற்சியிலும் வெளியே போய்த் திரும்பக் கம்பிக்கே வருவது. அலைநீளத்தை 6.28-ஆல் வகுத்தால் வரும் தூரத்துக்குள், நம் உதாரணத்தில் சுமார் 12.7 மீட்டருக்குள், இந்தத் தேங்கிய புலம்தான் ஆட்சி செய்கிறது. கம்பி குட்டையாகக் குட்டையாக, கிளம்பிப் போகும் பங்கு குறைந்து, போய்த் திரும்பும் பங்கு மலை போல் கூடும். வங்கியில் பெரிய தொகையைப் போட்டு எடுத்துக்கொண்டே இருக்கிறோம், செலவுக்கு உதவுவது சில்லறைதான் என்கிற மாதிரி! போய்த் திரும்புவதுதான் ரியாக்டன்ஸ். கிளம்பிப் போவதைக் குறிப்பது கதிர்வீச்சுத் தடை.

கதிர்வீச்சுத் தடை என்னும் நல்ல தடை

தடை என்றாலே நமக்கு நஷ்டம்தான் நினைவுக்கு வரும். இது லாபமான தடை. கம்பியின் அடியில் ஓடும் மின்னோட்டத்தை இருமடி செய்து, எந்த எண்ணால் பெருக்கினால் வானத்துக்குப் போகும் வாட்ஸ் வருமோ, அந்த எண்ணே கதிர்வீச்சுத் தடை.

குட்டைக் கம்பியில் மின்னோட்டம் அடியில் அதிகம், நுனியில் பூஜ்யம். முக்கோணம் போல் இறங்கும். ஆகவே சராசரி மின்னோட்டம் அடியில் உள்ளதில் பாதி. எர்த்தின் மேல் நிற்கும் கம்பிக்குச் சூத்திரம் இது:

கதிர்வீச்சுத் தடை = 1579 × (சராசரிப் பங்கு × உயரம் ÷ அலைநீளம்) இருமடி.

நம் கம்பிக்குச் சராசரிப் பங்கு 0.5. உயரம் ÷ அலைநீளம் 0.03. பெருக்கினால் 0.015. இருமடி செய்து 1579-ஆல் பெருக்கினால் 0.355 ஓம். அரை ஓம் கூடத் தேறவில்லை! ஒப்பிட, 20 மீட்டர் உயரமுள்ள கால் அலைநீளக் கம்பிக்கு 36.5 ஓம்.

சூத்திரத்தில் இருமடி இருப்பதைக் கவனியுங்கள். கம்பியைப் பாதியாக வெட்டினால் தடை பாதியாவதில்லை, நாலில் ஒன்றாகிறது.

குடும்ப பட்ஜெட்

இனி ரியாக்டன்ஸ். குட்டைக் கம்பி, டிரான்ஸ்மிட்டரின் கண்ணுக்கு ஒரு கண்டென்சராகத்தான் தெரியும். நம் கம்பியின் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 22 பைக்கோஃபாரட். 3.75 மெகாஹெர்ட்சில் அதன் ரியாக்டன்ஸ் சுமார் 1915 ஓம். அரை ஓம் கூட இல்லாத லாபத் தடைக்கு முன்னால் 1915 ஓம் மதில் சுவர்!

சுவரை இடிக்க எதிர் ரியாக்டன்ஸ் வேண்டும், அதாவது காயில். 81.3 மைக்ரோஹென்றி போதும். 2 அங்குல விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயில், 4 அங்குல நீளத்துக்கு, 18 கேஜ் எனாமல் கம்பியைச் சிறு இடைவெளி விட்டு 63 சுற்று சுற்றினால் கிடைத்துவிடும். கண்டென்சரும் காயிலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட, தடை மட்டும் மிஞ்சும். இதுதான் ரெசோனன்ஸ்.

ஆனால் காயிலுக்கும் கூலி கொடுக்க வேண்டுமே! காயிலின் கியூ மதிப்பு 200 என்றால் அதன் நஷ்டத் தடை 1915 ÷ 200, அதாவது 9.6 ஓம். எர்த் ஒரு 10 ஓம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம்:

கதிர்வீச்சு 0.36 ஓம்
காயில் 9.6 ஓம்
எர்த் 10 ஓம்
கூட்டினால் ஏறக்குறைய 20 ஓம்.

மூன்றும் தொடரில் இருப்பதால் ஒரே மின்னோட்டம்தான் மூன்றிலும் ஓடுகிறது. சக்தி ஓம் விகிதத்திலேயே பிரியும். 100 வாட்ஸ் சம்பளத்தில் காயிலுக்கு 48, மண்ணுக்கு 50, வானத்துக்கு 1.8 வாட்ஸ். சம்பளத்தில் பாதி வட்டிக்கும் பாதி வாடகைக்கும் போய், பிள்ளையின் புத்தகத்துக்கு இரண்டு ரூபாய் மிஞ்சுகிற கதை! அதே எர்த்தின் மேல் 20 மீட்டர் கம்பி நின்றிருந்தால் 78 வாட்ஸ் வானத்துக்குப் போயிருக்கும்.

மனம் தளர வேண்டாம். 78-க்கும் 1.8-க்கும் உள்ள இடைவெளி டெசிபலில் சுமார் 16.4. ரிசீவரின் எஸ் மீட்டரில் ஒரு புள்ளிக்கு 6 டெசிபல் என்று எடுத்துக்கொண்டால், மூன்று புள்ளி கூட இல்லை. ஜீப்பில் குட்டைக் கம்பியைக் கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பேசுகிறார்களே, அது இப்படித்தான் சாத்தியமாகிறது.

இப்போது மேட்சிங்

20 ஓமை 50 ஓம் கேபிளுக்குப் பொருத்த வேண்டும். இதற்கு எல் நெட்வொர்க் ஒன்றே போதும். 50-ஐ 20-ஆல் வகுத்தால் 2.5. ஒன்றைக் கழித்தால் 1.5. அதன் இருமடி மூலம் 1.225. இதுதான் திறவுகோல்.

தொடரில் வேண்டிய ரியாக்டன்ஸ் = 20 × 1.225 = 24.5 ஓம், காயில்.
குறுக்கே வேண்டிய ரியாக்டன்ஸ் = 50 ÷ 1.225 = 40.8 ஓம், கண்டென்சர்.

24.5 ஓம் என்பது சுமார் 1 மைக்ரோஹென்றி. அதற்குத் தனிக் காயில் தேவையில்லை. 81.3 மைக்ரோஹென்றியை 82.3 ஆக்கினால் போதும், அரைச் சுற்றுக்கும் குறைவான கூடுதல்தான். கேபிள் வந்து சேரும் இடத்தில், நடுக் கம்பிக்கும் எர்த்துக்கும் குறுக்கே 1040 பைக்கோஃபாரட் மைக்கா கண்டென்சர் வைத்துவிட்டால், டிரான்ஸ்மிட்டர் 50 ஓமைப் பார்த்துத் திருப்தியாகிவிடும்.

இவ்வளவு செய்தும் வானத்துக்குப் போவது அதே 1.8 வாட்ஸ்தான் என்பதை மறக்காதீர்கள். மேட்சிங், சக்தியை வாசல் வரை கொண்டுவந்து விட்டது. வீட்டுக்குள் யார் சாப்பிடுகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது மேட்சிங் அல்ல, அந்த மூன்று தடைகளின் விகிதம்.

மீட்டர் சிரிக்கும், வானம் சிரிக்காது

இனி வருவதுதான் கட்டுரையின் மையம். மேட்சிங் கண்டென்சரைக் கழற்றிவிட்டு, ரெசோனன்சில் உள்ள ஏரியலை நேராக 50 ஓம் கேபிளில் மாட்டுவோம். எர்த்தை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.

முதலில் மோசமான எர்த். காய்ந்த மண்ணில் ஒரே ஒரு கம்பியை அடித்துவிட்டோம், 40 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.36, 9.6, 40. கூட்டினால் 50 ஓம். மேட்சிங்கே இல்லாமல் எஸ்.டபிள்யூ.ஆர். 1-க்கு 1! கைதட்டலாம் போலிருக்கிறதா? 100 வாட்சில் வானத்துக்குப் போவது 0.7 வாட்ஸ்.

அடுத்து 10 ஓம் எர்த். மொத்தம் 20 ஓம். எஸ்.டபிள்யூ.ஆர். 2.5. டிரான்ஸ்மிட்டரின் 100 வாட்சையும் மேட்சிங் மூலம் உள்ளே கொடுத்தால் வானத்துக்கு 1.8 வாட்ஸ்.

மூன்றாவதாக, எர்த் கம்பிகளை நிறைய விரித்து 5 ஓமுக்குக் கொண்டுவந்துவிட்டோம். மொத்தம் 15 ஓம். எஸ்.டபிள்யூ.ஆர். 3.3. வானத்துக்கு 2.4 வாட்ஸ்.

மீட்டர் மோசமாகிக்கொண்டே போகிறது, ஏரியல் நல்லதாகிக்கொண்டே வருகிறது! மீட்டரை மட்டும் நம்புகிற பையன் என்ன செய்வான்? பாடுபட்டுப் போட்ட எர்த் கம்பிகளை, "இது சரிப்படலைடா" என்று பிடுங்கிப் போட்டுவிடுவான். குட்டை ஏரியல் எந்த மேட்சிங்கும் இல்லாமல் தானாகவே 1-க்கு 1 காட்டினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். எங்கேயோ நஷ்டம் ஒளிந்திருக்கிறது.

வானத்தின் பங்கைக் கூட்டுவது எப்படி?

வழி ஒன்று: தலையில் குடை. கம்பியின் உச்சியில் குடைக்கம்பி போல் நாலைந்து கம்பிகளைக் கிடையாகப் பரப்புங்கள். மின்னோட்டம் நுனியில் பூஜ்யமாகாமல் அந்தக் குடைக்குள் ஓட இடம் கிடைக்கும். குடையின் கெப்பாசிட்டன்ஸ் கம்பியின் கெப்பாசிட்டன்சுக்குச் சமமாக, இன்னொரு 22 பைக்கோஃபாரட் என்று வையுங்கள். உச்சியில் பாதி மின்னோட்டம் நிற்கும், சராசரி முக்கால் பங்காகும். சூத்திரத்தில் போட்டால் கதிர்வீச்சுத் தடை 0.8 ஓம். அதோடு ரியாக்டன்ஸ் பாதியாகி, காயிலும் பாதியாகி, அதன் நஷ்டமும் 4.8 ஓமாகக் குறையும். 10 ஓம் எர்த்தோடு மொத்தம் 15.6. வானத்தின் பங்கு நூற்றுக்கு 5.1. முன்பு 1.8 தானே! ஒரு பைசா மின்சாரம் கூடுதலாகச் செலவழிக்காமல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்பது இதுதான்.

வழி இரண்டு: காயிலை மேலே ஏற்றுவது. அடியில் இருக்கும் காயிலைக் கம்பியின் நடுவுக்கு ஏற்றினால், கீழ்ப் பாதியில் மின்னோட்டம் குறையாமல் ஓடும், சராசரி கூடும். ஆனால் மேலே மிஞ்சுகிற கம்பியின் கெப்பாசிட்டன்ஸ் குறைவு என்பதால் காயில் பெரிதாகும், நஷ்டமும் கூடும். அடிக் காயிலை அப்படியே தூக்கி நடுவில் வைத்துவிட்டு ரெசோனன்ஸ் வரவில்லையே என்று தேடாதீர்கள், சுற்றுக்களைக் கூட்ட வேண்டும்.

வழி மூன்று: நல்ல காயில். தடித்த கம்பி, சுற்றுக்கு நடுவே சிறு இடைவெளி, விட்டத்துக்கும் நீளத்துக்கும் அளவான விகிதம், ஈரம் குடிக்காத ஃபார்மர்.

வழி நான்கு: எர்த். ஏரியலில் மேலே ஏறும் மின்னோட்டம் மண் வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். மண் மோசமான கடத்தி. குட்டை ஏரியலில் இந்தத் திரும்பும் மின்னோட்டம் கம்பியின் அடிக்குப் பக்கத்திலேயே நெருக்கமாக ஓடுவதால், நீளமான நாலு கம்பியை விட, குட்டையான நாற்பது கம்பி மேல். 1937-ல் அமெரிக்காவில் ப்ரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் ஆகிய மூன்று பொறியாளர்கள் கம்பிகளின் எண்ணிக்கையையும் நீளத்தையும் மாற்றி மாற்றி அளந்து வெளியிட்ட முடிவுகள் இன்றைக்கும் இந்தத் துறையின் பாலபாடம். மீடியம் வேவ் நிலையங்களின் கோபுரத்தைச் சுற்றி 120 கம்பிகளைப் புதைக்கும் வழக்கம் அவர்கள் வேலையோடு இணைந்தது.

நஷ்டத்திலும் ஒரு நன்மை

"நஷ்டமே இல்லாத காயில், நஷ்டமே இல்லாத எர்த் கிடைத்தால் சொர்க்கம்தானே சார்?" என்று ஒருவர் கேட்கலாம். பார்ப்போம் தம்பி. ரியாக்டன்ஸ் 1915 ஓம், தடை 0.355 ஓம் மட்டும். கியூ மதிப்பு 5,400 ஆகிவிடும். 3750 கிலோஹெர்ட்சை அதனால் வகுத்தால் பேண்டு விட்த் 0.7 கிலோஹெர்ட்ஸ். பேச்சுக்கே ஏறக்குறைய 3 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். உங்கள் குரல் அந்த ஏரியலுக்குள் நுழையவே முடியாது! 20 ஓம் உள்ள நம் ஏரியலுக்கு கியூ 96, பேண்டு விட்த் 39 கிலோஹெர்ட்ஸ். பேச்சு தாராளமாக நுழைகிறது, ஆனால் அதற்கு விலையாக வாட்ஸ் கொடுத்திருக்கிறோம்.

சிறிய உருவம், நல்ல திறன், அகலமான பேண்டு விட்த். இந்த மூன்றில் இரண்டைக் கேட்கலாம், மூன்றையும் சேர்த்துக் கேட்க முடியாது. இது தொழில்நுட்பக் குறைபாடு அல்ல, இயற்கையின் சட்டம். ஹெரால்டு வீலர் 1947-லும், எல்.ஜே. சூ 1948-லும் இதைக் கணிதத்தில் நிறுவிக் காட்டினார்கள். ஆகவே, "கைக்குட்டை அளவு ஆன்டெனா, எல்லா பேண்டும் வேலை செய்யும், முழு அளவு ஏரியலுக்கு நிகர்" என்று விளம்பரம் பார்த்தால், பர்சைத் தொடுவதற்கு முன் இந்த மூன்று சொற்களையும் எண்ணிப் பாருங்கள்.

"ஆனால் அந்த மாதிரி ஆன்டெனாவில் நிஜமாகவே பேசுகிறார்களே?" என்றால், பல சமயம் பேசுவது ஆன்டெனா அல்ல, கேபிள்! கோஆக்சியல் கேபிளின் வெளிப்பின்னலின் மேற்புறத்தில் மின்னோட்டம் ஓடி, 15 மீட்டர் கேபிளே ஏரியலாகிவிடும். ஆன்டெனாவின் வாசலில் கேபிளை ஃபெரைட் வளையத்தில் பல சுற்று சுற்றி அந்த மின்னோட்டத்தை அடைத்துப் பாருங்கள். மாயம் கலைந்துவிடும்.

தொடாதே!

இது பாடத்தை விட முக்கியம், தயவு செய்து தாண்டிப் போகாதீர்கள். 20 ஓமில் 100 வாட்ஸ் என்றால் மின்னோட்டம் 2.24 ஆம்பியர். அதே மின்னோட்டம் 1915 ஓம் ரியாக்டன்சின் மேல் பாயும்போது எழும் வோல்ட்டேஜ் சுமார் 4,300. உச்ச மதிப்பு 6,000 வோல்ட். ஷர்ட் பாக்கெட்டில் அடங்குகிற காயிலின் மேல் முனையில் இவ்வளவு!

இந்த உயர் அலைவெண் மின்சாரம் சாதாரண ஷாக் மாதிரி உதறித் தள்ளாது. தோலைச் சுட்டு, ஆழமான புண்ணாக்கும். கல்லூரிக் கண்காட்சி நாளில் குழந்தைகளும் பெற்றோரும் வருவார்கள். பளபளக்கும் கம்பியைத் தொட்டுப் பார்க்காத குழந்தை உண்டா? ஏரியலைச் சுற்றி யார் கையும் எட்டாத தூரத்தில் நைலான் கயிற்றைக் கட்டி, ஒருவரைக் காவலுக்கு நிறுத்துங்கள். டியூன் செய்யும்போது 5 வாட்சுக்கு மேல் போகாதீர்கள். காயிலில் கை வைக்கும் முன் டிரான்ஸ்மிட்டரின் சுவிட்சை அணைத்துவிட்டு, பவர் கார்டையும் பிடுங்கிவிடுங்கள். அமெச்சூர் லைசென்ஸ் உள்ளவர் இல்லாமல் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யவே கூடாது.

உலகப் பெரிய குட்டை ஏரியல்கள்

திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990-ல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படை நிலையம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீரில் மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் நிலையம் அது. அங்குள்ள மிக உயரமான கோபுரங்கள் 471 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல் ஏழு மடங்கு உயரம். இதைப் போய் குட்டை என்பதா?

கணக்குப் போடுங்கள். அலைவெண் 18.2 கிலோஹெர்ட்ஸ். அலைநீளம் சுமார் 16.5 கிலோமீட்டர். 471-ஐ அதனால் வகுத்தால் 0.0286. மைதானத்தில் நாம் நட்ட 2.4 மீட்டர் கம்பிக்கு 0.03 அல்லவா? அதை விடவும் இது ஒரு துளி குட்டை! முழு உயரத்திலும் மின்னோட்டம் குறையாமல் ஓடுவதாக வைத்துக்கொண்டாலும் கதிர்வீச்சுத் தடை 1.3 ஓமைத் தாண்டாது. கால் அலைநீளம் வேண்டுமென்றால் 4 கிலோமீட்டர் கோபுரம் கட்ட வேண்டும்.

ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும்? கடல்நீர் நல்ல மின்கடத்தி, அலையை விழுங்கிவிடும். 3.75 மெகாஹெர்ட்ஸ் அலை 13 சென்டிமீட்டர் ஆழம் போவதற்குள் நூற்றுக்கு 37 பங்காகச் சுருங்கிவிடும். 18.2 கிலோஹெர்ட்ஸ் அலைக்கு அந்த ஆழம் சுமார் 1.9 மீட்டர். தாழ்ந்த அலைவெண்தான் தண்ணீருக்குள் நாலடி கூடப் போகும். அதற்காக நஷ்டத்தோடு மல்லுக்கட்டித்தான் ஆக வேண்டும்.

அந்த மல்லுக்கட்டில் ஒரு அழகான உபாயத்தை ஸ்வீடன் நாட்டின் கிரிமெட்டன் நிலையத்தில் பார்க்கலாம். 1924-ல் இயங்கத் தொடங்கியது, 17.2 கிலோஹெர்ட்ஸ், 127 மீட்டர் உயரக் கோபுரங்கள் ஆறு. ஏர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன் என்ற பொறியாளர் மேலே ஓடும் கம்பிகளிலிருந்து ஒன்றுக்குப் பதில் ஆறு இடங்களில் கீழே இறக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காயில் வழியாக எர்த் செய்தார். மொத்த மின்னோட்டம் ஆறாகப் பிரிகிறது. ஒவ்வொரு எர்த்திலும் ஆறில் ஒரு பங்கு மின்னோட்டம், ஆகவே முப்பத்தாறில் ஒரு பங்கு நஷ்டம். ஆறு எர்த்தையும் கூட்டினால் மொத்த நஷ்டம் பழையதில் ஆறில் ஒன்று! கதிர்வீச்சு? 17 கிலோமீட்டர் அலைநீளத்துக்கு முன்னால் ஆறு கம்பிகளும் ஒரே இடத்தில் நிற்பது போலத்தான், ஆறு மின்னோட்டமும் கைகோத்து முழு மின்னோட்டமாகவே கதிர்வீசும். சுமையை ஆறு தோளுக்குப் பகிர்ந்து கொடுத்த கதை. 2004-ல் யுனெஸ்கோ இந்த நிலையத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வாங்கும் பக்கம் வேறு நியாயம்

"அப்படியானால் பாக்கெட் டிரான்சிஸ்டருக்குள் இருக்கிற விரல் நீள ஃபெரைட் ராடு மீடியம் வேவை எப்படிப் பிடிக்கிறது?" நல்ல கேள்வி. அதன் திறன் படு மோசம்தான். ஆனால் மீடியம் வேவில் வானத்திலிருந்தும் மின்னலிலிருந்தும் வரும் இரைச்சல் மிக அதிகம். மோசமான ஏரியல் சிக்னலையும் இரைச்சலையும் சேர்ந்தே குறைக்கிறது. இரண்டின் விகிதம் மாறாத வரை, ரிசீவரில் பெருக்கிக்கொள்ளலாம். அனுப்பும் பக்கத்தில் அந்தச் சலுகை கிடையாது. காயிலில் சூடாகிப் போன வாட்ஸ் போனதுதான்.

நீங்களே அளக்கலாம்

இப்போது குறைந்த விலையில் கிடைக்கும் நானோ வி.என்.ஏ. கருவியால், காயிலோடு சேர்ந்த ஏரியலின் தடையை ரெசோனன்சில் அளந்துகொள்ளுங்கள். 20 ஓம் வந்தால், சூத்திரத்தில் கிடைத்த 0.355-ஐ அதனால் வகுங்கள். அதுதான் திறன். எர்த் கம்பி ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க அளந்த தடை எப்படி இறங்குகிறது என்று கிராஃப் போடுங்கள். தடை இறங்குவது நின்ற இடத்தில் கம்பி போடுவதை நிறுத்தலாம்.

கூடவே ஒரு ஃபீல்டு ஸ்ட்ரெங்த் மீட்டர் செய்துகொள்ளுங்கள். ஒரு சிறு கம்பி, ஒரு ஜெர்மேனியம் டயோடு, ஒரு கண்டென்சர், ஒரு மைக்ரோ அம்மீட்டர் போதும். ஏரியலிலிருந்து 30, 40 மீட்டர் தள்ளி ஒரே இடத்தில் வைத்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே வாட்ஸ் கொடுத்துப் பாருங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வாசலைப் பார்க்கிறது, இது வானத்தைப் பார்க்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானில் வழக்கமான தொலைத்தொடர்பு அறுந்த நேரத்தில், போர்ட் பிளேரில் இருந்த அமெச்சூர் வானொலியாளர்கள்தான் வெளியுலகோடு செய்தித் தொடர்பை ஏற்படுத்தினார்கள். அப்படி ஒரு நாளில் 20 மீட்டர் கம்பம் நட நமக்கு இடமும் இருக்காது, நேரமும் இருக்காது. ஜீப்பின் மேல் நிற்கும் குட்டைக் கம்பிதான் கதி. அன்றைக்கு வானத்துக்குப் போவது 1.8 வாட்சா, 5.1 வாட்சா என்பதில், மறுமுனையில் இருப்பவர் காதில் நம் குரல் விழுவதும் விழாததும் அடங்கியிருக்கலாம். அந்த வித்தியாசத்தை உண்டாக்குவது விலை உயர்ந்த கருவி அல்ல, உச்சியில் நாலு கம்பிக் குடையும், காயில் சுற்றும் கையின் நேர்த்தியும், கீழே சலிக்காமல் விரித்த எர்த் கம்பிகளும்தான்.

அடுத்த முறை லேபில் மீட்டர் 1-க்கு 1 காட்டினால் கைதட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "எல்லாம் சரி, இதில் வானத்துக்கு எவ்வளவு?" வைவாவில் உங்களை யாரும் அசைக்க முடியாது.

செய்து பாருங்கள், அளந்து பாருங்கள், வெற்றி பெற வாழ்த்துக்கள்!